புகையாத புகைக்கூண்டு

அத்தியாயம் ஒன்பது

திருட்டு நடந்தது மத்தியானம் பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டே முக்காலுக்குள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஊரின் ஒரே துப்பறிவாளனான இக்னாட்டி, திருட்டு நடந்த இடத்துக்கு இருபதடி தள்ளி, பக்கத்து அறையில் விழாக் கூட்டத்தோடு உட்கார்ந்து மூஸ் மான் சூப் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கிண்ணம்.

"மூணு," என்றான் கஸ்டி. "கேஸ்னா எல்லாம் சரியா இருக்கணும் மச்சான்."

கஸ்டி, இக்னாட்டியின் அத்தை மகன். பனிநாட்டு யூபிக் ஜனங்களில் அத்தை மகனுக்கு ஒரு உரிமை உண்டு. நடுச்சபையில் நிற்க வைத்துக் கேலியாலேயே கிழித்துத் தோரணம் கட்டினாலும் மாமன் மகன் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அவன்தான் தோற்றவன். கஸ்டி இந்த உரிமையை ஒருநாள்கூட வீணாக்கியதில்லை. இக்னாட்டிக்கு உதவியாளனாகச் சேர்ந்ததே அதற்காகத்தான் என்று ஊரில் சொல்வார்கள்.

ஊர்க்கூடத்தின் கண்காட்சி அறையில், நடுவில், சட்டை மாட்டும் மர நிலை மொட்டையாக நின்றது. காலையில் அதன்மேல் தெக்லாவின் குடல்சட்டை இருந்தது. கடல்சிங்கத்தின் குடலைக் கழுவி, ஊதி, காயவைத்து, பட்டை பட்டையாக வெட்டித் தைத்த சட்டை. தெக்லாவின் அப்பா அலூட் தீவு ஜனம், அம்மா யூபிக். சட்டையின் வெட்டு அப்பா வழி. மார்பைச் சுற்றி ஆட்டத்து முகமூடிக்கு வைப்பதுபோல வைத்த, வளைந்துகொடுக்கும் மெல்லிய மரவளையங்கள் அம்மா வழி. உள்ளே ஓடிய குட்டி மின்விளக்குகள் அவள் சொந்த வழி. விளக்கைப் போட்டால், குடலின்மேல் அச்சிட்ட பழைய மீன்தொழிற்சாலை ஆட்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வரும். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு வருட உழைப்பு.

இன்றைக்கு நாலு மணிக்கு அது விமானம் ஏறி ஆங்கரேஜுக்குப் போக வேண்டும். திங்கள்கிழமை அங்கே பெரிய கண்காட்சி திறக்கிறார்கள். நாலு மணிக்குமேல் பனிப்புயல் வருகிறது. அப்புறம் செவ்வாய்க்கிழமை வரை ஈ காக்கை பறக்காது.

"மணி ஒண்ணு," என்றாள் தெக்லா. அவள் அழவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "மூணு மணி நேரம் இருக்கு. கண்டுபிடிப்பியா, மாட்டியா இக்னாட்டி?"

"நீ கேட்டா கண்டுபிடிக்காம இருப்பேனா," என்றான் இக்னாட்டி. சொன்ன பிறகுதான் குரல் குழைந்துவிட்டதை உணர்ந்தான். கஸ்டி தொண்டையைக் கனைத்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தத் தெக்லாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இக்னாட்டி நினைத்துக்கொண்டே இருந்தான். நினைத்துக்கொண்டே இருக்கையில் அவள் ஓவியம் படிக்கப் போய்விட்டாள். அவன் உலியானாவைக் கட்டிக்கொண்டான். பதினோரு வருடமாகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் தெக்லா, கார்ல் என்ற விமானியைப் புருஷனாக்கிக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியதிலிருந்து, கார்லின் விமானச் சத்தம் கேட்டாலே இக்னாட்டிக்கு வயிறு எரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை எரிந்தது.

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். நிலையைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது.

"கூரை ஒழுகுதா?"

"மார்ச் மாசத்துல கூரை எங்க மச்சான் ஒழுகும்? மேல இருக்கிறதெல்லாம் கல்லா உறைஞ்சு கிடக்கு."

"சரி. தரையில என்ன இல்லை, பாரு."

கஸ்டி மண்டியிட்டுப் பார்த்தான். "சட்டை இல்லை. என் மூளையை எப்படிப் பாராட்டப் போறே?"

"துணுக்கு இல்லை. காய்ஞ்ச குடல் அப்பளம் மாதிரி. தொட்டா படபடன்னு சத்தம் போடும், மடக்கினா நொறுங்கும். பக்கத்து அறையில அறுபது பேர் இருந்தோம், ஒரு சத்தம் கேட்கலை. கீழே ஒரு பொறுக்குகூட விழலை. அப்படின்னா எடுத்த ஆள் முதல்ல அதைத் தண்ணி தொட்டு நனைச்சிருக்கு. ஊறினதும் துணி மாதிரி மடிச்சிருக்கு. மடிச்சா ரெண்டு ரொட்டி அளவுதான் வரும்."

"வெதுவெதுப்பான தண்ணியா இருக்கணும்," என்றாள் தெக்லா. "குளிர்ந்த தண்ணின்னா அரைமணி ஆகும்."

"ஆக, குடலைப் பத்தித் தெரிஞ்ச ஆள். இல்லேன்னா," இக்னாட்டி நிமிர்ந்தான், "தெரிஞ்ச ஆளோட ஒரே வீட்டுல எட்டு வருஷம் குடித்தனம் பண்ற ஆள்."

தெக்லாவின் புருவம் ஏறியது. "கார்லையா சொல்றே?"

"நான் யாரையும் சொல்லலை. அவன் இந்தச் சட்டையைப் பத்தி எதாவது சொன்னானா?"

அவள் தயங்கினாள். "நேத்து ராத்திரி சாப்பிடறப்போ, 'இது ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னான். விளையாட்டுக்குச் சொன்னான்."

இக்னாட்டியின் மனசு துள்ளிக் குதித்தது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க அவன் பட்ட பாட்டைக் கஸ்டி ஒருத்தன்தான் ரசித்தான்.

"இங்க ஒரு அட்டை இருந்துச்சே," என்று நிலைக்குப் பக்கத்திலிருந்த குட்டை மேசையைக் காட்டினான் கஸ்டி. இரண்டு குண்டூசி மட்டும் மிச்சமிருந்தன. "அதையும் காணோம். திருடனுக்குப் படிக்கிற பழக்கம் உண்டு போல."

"யார் யார் என்ன குடுத்தாங்கன்னு எழுதியிருந்தேன்," என்றாள் தெக்லா. "நான் எப்பவும் எழுதுவேன். நாம தின்ற மீனை யார் புடிச்சான்னு சொல்லாம தின்போமா? அது மாதிரிதான். கடல்சிங்கம் சுட்டது உனலாஸ்காவுல எங்க சித்தப்பா. குடலைக் கழுவினது எங்க அம்மா. அதை ஏத்திட்டு வந்தது கார்ல். அப்புறம் நூல்..."

"நில்லு," என்று கையை உயர்த்தினான் இக்னாட்டி. "கார்ல் பேரு மூணாவதா?"

"ஆமா."

"புருஷன் பேரு மூணாவது. போதும்."

"இன்னும் ரெண்டு பேரு இருக்கு, சொல்லிடறேனே..."

"போதும் தெக்லா. அட்டையை ஏன் எடுத்தான்னு தெரிஞ்சுபோச்சு." இக்னாட்டி மேல்கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தான். மற்ற ஆம்பிளைகள் எல்லாரும் கம்பளித் தொப்பியோடு திரிந்த ஊரில் அவனுக்குத் தொப்பி இல்லை.

நூல் என்றதும் அவன் ஏன் அவசரப்பட்டான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். சட்டையின் ஒவ்வொரு தையலிலும் நகக்கண் அளவு நீலப்பச்சைக் கம்பளி செருகியிருந்தது. அது அவன் தொப்பி. உலியானா தானே சாயம் போட்டு, போன வருடம் பின்னிக் கொடுத்தது. ஒருநாள் தெக்லா அதைப் பார்த்து, "இந்த நிறத்தைத்தான் ரெண்டு மாசமாத் தேடறேன்" என்றாள். அவன் கழற்றிக் கொடுத்துவிட்டான். வீட்டில், ஆற்றில் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னான். தெக்லாவின் சட்டையில் தன் தலைச்சூடு கொஞ்சம் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே ஏழு நாளாகக் காவல் என்ற பெயரில் கண்காட்சிக்கு வந்துகொண்டிருந்தான்.

விமானத் திடல் ஊருக்கு மேற்கே. பனிவண்டியில் பின்னால் உட்கார்ந்த கஸ்டி காதருகே கத்தினான். "மச்சான், ஒரு சந்தேகம். திருடனைப் புடிக்கப் போறோமா, கார்லைப் புடிக்கப் போறோமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"உன் மூஞ்சியைப் பாத்தா கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு, அதான் கேட்டேன்."

இக்னாட்டி வண்டியை முடுக்கினான். பதில் சொன்னால் தோற்றதாகிவிடும். மனசுக்குள் கார்லின் கையில் விலங்கை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தான். தெக்லா என்ன சொல்வாள் என்றும் யோசித்தான். 'நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் இக்னாட்டி' என்பாள். அதையும் இரண்டு தடவை சொல்ல வைத்தான்.

கார்ல் தன் சிறிய விமானத்தின் இறக்கைமேல் ஏறி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். நெடிய ஆள், செம்பட்டைத் தாடி. விஷயத்தைக் கேட்டதும் குப்பியைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தான்.

"தெக்லா எங்க? தனியாவா இருக்கா?"

"அவளை விடு. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைக்கும் நீ எங்க இருந்தே?"

"வானத்துல," என்றான் கார்ல். "டோகியாக்கிலிருந்து ரெண்டு ஆசிரியைகளை ஏத்திட்டு வந்தேன். பத்தேகாலுக்குப் போனது, ஒண்ணு அஞ்சுக்குத்தான் இறங்கினேன். அதோ நிக்கிறாங்க பாரு."

கொட்டகை வாசலில் இரண்டு பெண்கள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இன்னும் முகம் வெளுத்து வாயைக் கையால் பொத்தியிருந்தாள். காற்று அப்படி.

கஸ்டி விமானத்தின் மூக்கில் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். "சுடுது மச்சான். ரொம்ப வருத்தமான செய்திதான், மனசைத் தேத்திக்க."

"'ஒழிஞ்சா நிம்மதி'ன்னு சொன்னியாமே?" இக்னாட்டி விடவில்லை.

"சொன்னேன். கண்காட்சிக்குப் போற வரைக்கும் நாலு மாசம் அது எங்க வீட்டு நாற்காலியில உக்காந்திருந்துச்சு. நான் தரையில உக்காந்து சாப்பிட்டேன். விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து பாத்தா அவ அதோட பேசிட்டு இருப்பா." கார்ல் தாடியைத் தடவினான். "பொறாமைதான். ஒரு சட்டைமேல எனக்குப் பொறாமை. போதுமா? அதுக்காக அதைக் கிழிச்சுடுவேனா? அவ முகத்தை அப்புறம் நான் எப்படிப் பாக்கறது?"

இவ்வளவு சுலபமாக ஒருத்தன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது இக்னாட்டிக்கு என்னவோபோல் இருந்தது. எட்டு வருடமாக அவன் அதைத் தனக்குள்கூடச் சொன்னதில்லை.

"என்னை நம்பலேன்னா வீட்டைத் தேடிக்க," என்றான் கார்ல். "அவளைக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு விமானம் தயாரா இருக்கும். நாலு மணி வரைக்கும்தான் காத்து பொறுக்கும்."

மணி இரண்டு தாண்டிவிட்டது. ஆற்றங்கரை மேட்டில் பனிவண்டியை நிறுத்தினான் இக்னாட்டி. கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. அவனுக்கு ஊரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"கோபமா மச்சான்?"

"இல்லை."

"அப்ப சரி. சீக்கிரம் முடி. சனிக்கிழமை. எங்க வீட்டுல குளியலுக்கு ஆவிக்குடிசையில நெருப்பு மூட்டியிருப்பாங்க. நேரத்துக்குப் போகலேன்னா என் தம்பிங்க எல்லா வெந்நீரையும் ஊத்திக்குவாங்க. எனக்குக் கல்லுதான் மிச்சம்."

இக்னாட்டி திரும்பினான். "என்ன சொன்னே?"

"கல்லு..."

"இரு, இரு. பேசாதே." துப்பறிவாளனுக்கு மூளையில் பொறி தட்டிய சந்தோஷம். ஒரு நிமிடம் கார்லே மறந்துபோனான். "நனைச்ச குடலை அப்படியே மடிச்சு வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நாளைக்குள்ள நாறும். உடனே விரிச்சு, குளிர்ல, காத்தோட்டமா, கழியில மாட்டணும். பதவிசா நனைச்ச ஆளுக்கு இது தெரியாம இருக்காது. கெடுக்கணும்னு எடுத்திருந்தா அங்கேயே நாலு இழுப்பு இழுத்துக் கிழிச்சுப் போட்டிருக்கலாம். எடுத்த ஆளுக்கு அதைக் கெடுக்க மனசில்லை."

"சரி, வீட்டுக்குள்ள மாட்டியிருக்கும்."

"அடுப்புச் சூட்டுல சுருங்கிடும். வெளியில மாட்டினா நாய் தின்னுடும். கதவு சாத்தற இடம் வேணும், உள்ளே குளிர் வேணும், கழி வேணும். நம்ம ஊருல அப்படி ஒரு இடம்தான் இருக்கு. ஆவிக்குடிசை. ஆனா சனிக்கிழமை மத்தியானம்..."

"எல்லாக் குடிசையிலும் நெருப்பு மூட்டியிருக்கும்," என்றான் கஸ்டி மெதுவாக.

"ஒண்ணைத் தவிர. எந்தப் புகைக்கூண்டுல புகை வரலையோ அங்கதான் சட்டை இருக்கு. எண்ணு."

இருவரும் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் ஒரு தாழ்ந்த மரக்குடிசை. ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் புகை, காற்றில் கிழக்காகச் சாய்ந்து போனது. இக்னாட்டியின் கண் முதலில் போனது கார்லின் வீட்டுக்குத்தான். அங்கே புகை குபுகுபுவென்று வந்தது. தெக்லாவின் அம்மா மூட்டியிருப்பாள்.

"சே," என்றான் இக்னாட்டி. "நான் மேற்கால பாக்கறேன். நீ கிழக்கால பாரு. எதாவது தெரியுதா?"

கஸ்டி பேசவில்லை.

"கஸ்டி?"

நாற்பத்துமூன்று வருடத்தில் இக்னாட்டி கஸ்டியின் வாய் தானாக மூடிப் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட இரண்டு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைக்கிறவன். அவன் கையை மட்டும் நீட்டிக் காட்டினான். ஆற்றோரம், சிவப்புக் கதவு வீட்டுக்குப் பின்னால், ஒரு குடிசை. அதன் புகைக்கூண்டு சும்மா நின்றது.

சிவப்புக் கதவுக்குப் போன கோடையில் இக்னாட்டிதான் வண்ணம் அடித்தான்.

"விறகு ஈரமா இருக்கும்," என்றான் இக்னாட்டி.

"இருக்கும் மச்சான்," என்றான் கஸ்டி. கிண்டலே இல்லாமல் சொன்னான். அதுதான் இக்னாட்டிக்குப் பயமாக இருந்தது.

அப்போது அவனுக்குச் சூப் சட்டி ஞாபகம் வந்தது. விழாவுக்குச் சூப் வைத்தது உலியானா. பன்னிரண்டரைக்கு அவள் வந்து, "சட்டி காலி, வீட்டுக்குப் போறேன், வண்டியில கட்டித் தா" என்றாள். மூடியைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். அவனேதான் தூக்கிக்கொண்டு போய்ச் சறுக்குவண்டியில் வைத்துக் கயிறு கட்டினான். காலிச் சட்டியை அவன் தொப்பென்று வைத்தபோது அவள் "மெதுவா!" என்று பதறினாள். துப்பறிவாளன் அப்போதுகூட ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது கிண்ணம் ஆறிப்போகிறதே என்று ஓடிவந்துவிட்டான்.

ஆவிக்குடிசைக்குள் குளிர் பல்லைக் கிட்ட வைத்தது. குறுக்குக் கழியில், கைகள் விரிந்து, தெக்லாவின் சட்டை தொங்கியது. அதற்குக் கீழே பலகையில் உலியானா உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் ஊசி. மடியில் அந்த அட்டை.

"ரெண்டே முக்கால்," என்றாள். "ரெண்டு மணிக்கே வருவேன்னு நினைச்சேன். நேரா கார்லைத் தேடிப் போயிட்டியாக்கும்?"

இக்னாட்டி சட்டையைத் தொடக் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நான் வெளியே நிக்கிறேன் தங்கச்சி," என்றான் கஸ்டி.

"இருங்க. நீங்களும் கேளுங்க." அட்டையை இக்னாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏழு நாள் இதுக்கு முன்னாடி நின்னியே, ஒரு தடவை படிச்சியா? சட்டையைப் பாத்தே, அவளைப் பாத்தே. இப்ப படி. சத்தமாப் படி."

அவன் படித்தான். கடல்சிங்கம், சித்தப்பா. குடல் கழுவியது, அம்மா. ஏற்றி வந்தது, கார்ல். நான்காவது வரியில் குரல் இறங்கிவிட்டது. "நூல்... பின்னிய தொப்பியைப் பிரிக்கத் தந்தவர்... உலியானா."

"நான் எப்ப தந்தேன்?"

"உலியானா..."

"சூப்புக்குக் கரண்டி எடுக்கப் போனேன். தெரு முழுக்கக் கூட்டம் போட்டுப் பாக்கிற சட்டையை நாமளும் பாப்போமேன்னு நின்னேன். என் நூலு! ஆல்டர் மரப்பட்டையும் செம்புக்கம்பியும் போட்டு மூணு நாள் ஊறவெச்ச நிறம். ஆத்துல போச்சுன்னியே. நான் வேற, பாவம் காது உறைஞ்சுடுமேன்னு அழுதேன். அவகிட்ட என்ன சொன்னே?"

"நீ குடுத்தனுப்பினேன்னு சொன்னேன்," என்றான் அவன். "சும்மா குடுத்தா தப்பா நினைப்பாளோன்னு..."

"அப்ப தப்புன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு."

கஸ்டி மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உலியானா ஊசியைச் சட்டையின் பக்கம் நீட்டினாள். "என் நூலை மட்டும் ஒண்ணு விடாமப் பிடுங்கி எடுத்துக்கணும்னுதான் கொண்டுவந்தேன். ரெண்டு மணி நேரமா ஊசியை வெச்சுட்டு உக்காந்திருக்கேன். முடியலை. ஒரு நூலை உருவினா அந்தத் தையலே விட்டுடும். ஒரு தையலு, ஒண்ணே ஒண்ணு, கோணலா இருந்தாக்கூடப் பிடுங்கியிருப்பேன். அவ்வளவு நல்லாத் தைச்சிருக்கா, பாவி. அதுதான் எனக்கு ஆத்திரமே." அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "நான் பின்னினதை நீ ஒருநாள் இப்படி நின்னு பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. தொப்பி என்றால் தலைக்கு என்று மாட்டிக்கொண்டான். இன்னொருத்தி வாயைத் திறந்து நல்ல நிறம் என்று சொன்ன பிறகுதான் அது என்ன நிறம் என்றே அவனுக்குத் தெரிந்தது.

"சட்டையைக் குடு, நான் கொண்டுபோய்..."

"நீ எதுக்கு? கண்டுபிடிச்சேன்னு அவகிட்ட நல்ல பேர் வாங்கவா?" உலியானா எழுந்து சட்டையைக் கழியிலிருந்து இறக்கினாள். அப்போதுகூடத் தோள்பட்டை மடியாமல் இரண்டு கையாலும் தாங்கினாள். "நானே எடுத்தேன், நானே குடுக்கறேன். வா. பேனா இருக்கா?"

கூடத்தில் உலியானா சூப் சட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

தெக்லா முதலில் சட்டையை வெளியே எடுத்து, தையல் தையலாக விரலை ஓட்டினாள். பிறகு இக்னாட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் இருபத்திரண்டு வருடம் காத்திருந்தான். ஆனால் அது காத்திருந்த பார்வை இல்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"உலியானாதான் குடுத்தனுப்பினான்னு நினைச்சு, நன்றி சொல்லணும்னு உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேன்," என்றாள். "ரெண்டு தடவையும் வாசல்லயே என்னை மடக்கி அனுப்பிட்டே."

"எந்தத் தண்ணி தொட்டே?" என்று உலியானாவிடம் கேட்டாள் தெக்லா.

"பாத்திரம் கழுவ வெச்சிருந்த வெந்நீர். ஆறினப்புறம். உள்பக்கமா ஒத்தி எடுத்தேன்."

"ஒரு வெடிப்புகூட இல்லை." தெக்லா சட்டையை நான்காக மடித்தாள். அது சொன்னபடி மடிந்தது. "பெட்டியில வைக்கறதுக்கு மூணு மணிக்கு நானே நனைக்கணும்னு இருந்தேன். என் வேலையை மிச்சப்படுத்திட்டே. ஆனா எனக்கு உசுரு போயிடுச்சு உலியானா."

"எனக்கும் போச்சு," என்றாள் உலியானா. "அட்டையில என் பேரை அடி. நான் தராததுக்கு என் பேரு வேண்டாம்."

தெக்லா அட்டையை மேசைமேல் வைத்தாள். இக்னாட்டிக்கு இரண்டு பெண்களும் இடம் விட்டார்கள். அவன் சொந்தக் கையால், எல்லாரும் பார்க்க, ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுதினான். நல்ல எழுத்தாக எழுதச் சொன்னாள் உலியானா. ஆங்கரேஜில் படிப்பார்களே.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், விமானத்தின் பக்கத்தில் நின்று கார்ல் அந்த அட்டையைப் படித்தான். 'நூல்: மனைவி பின்னிய தொப்பியை அவளுக்குத் தெரியாமல் கொடுத்தவர், இக்னாட்டி.' இன்னொரு தடவை படித்தான். அவன் காது மடல் மெல்லச் சிவந்து வருவதை இக்னாட்டி பார்த்தான். எட்டு வருடமாக வேண்டியது இதுதான். கார்லுக்குத் தன்மேல் பொறாமை வர வேண்டும். வந்துவிட்டது. ஒரு சுகமும் இல்லை. குளிர்தான் அடித்தது.

கார்ல் பெட்டியை ஏற்றி, தெக்லாவை ஏற்றி, கதவைச் சாத்தினான். பிறகு திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த ஒரு பழைய தொப்பியை எடுத்து இக்னாட்டியின் கையில் திணித்தான்.

"இதை யாருக்கு வேணா குடு," என்றான். "இது எவளும் எனக்குப் பின்னித் தந்ததில்லை."

விமானம் கிளம்பிப் போய், சத்தம் மேகத்துக்குள் தேய்ந்தது. இக்னாட்டி அந்தத் தொப்பியைப் போடவில்லை.

"மச்சான், பாரு," என்று ஊர்ப்பக்கம் காட்டினான் கஸ்டி. சிவப்புக் கதவு வீட்டுக்குப் பின்னால் புகை எழும்பியிருந்தது.

இக்னாட்டிக்கு உயிர் திரும்பி வந்தது. "மூட்டிட்டா! மன்னிச்சுட்டா போல."

"ரொம்ப சந்தோஷப்படாதே. என்னைத்தான் கூப்பிட்டிருக்கா. உன் பங்கு வெந்நீரும் எனக்குத்தானாம். நாளைக்கு விழா ஆட்டத்துல உன்மேல ஒரு பாட்டுக் கட்டிப் பாடணுமாம். தொப்பின்னு ஆரம்பிக்கிறதா, சூப்புன்னு ஆரம்பிக்கிறதா? நீ கோபப்படக் கூடாது, ஞாபகம் வெச்சுக்க."

அரைமணி கழித்து, காற்று பனியை வாரி வீசத் தொடங்கியபோது, இக்னாட்டி தன் வீட்டு ஆவிக்குடிசைக்கு வெளியே விறகுக் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தமும், "ஆகா, ஆகா" என்று கஸ்டி வேண்டுமென்றே முனகும் சத்தமும் கேட்டன. வீட்டின் சிவப்புக் கதவு திறந்தது. உலியானா வெளியே வரவில்லை. கை மட்டும் வந்தது. இரண்டு பின்னல் ஊசியும் ஒரு நூற்கண்டும் பனியில் வந்து விழுந்தன. நீலப்பச்சை.

"சாயம் போட்டதுல மிச்சம்," என்றது குரல். "இந்தத் தடவை நீயே பின்னிக்க." கதவு சாத்திக்கொண்டது.

இக்னாட்டி நூற்கண்டை எடுத்துப் பனியைத் தட்டினான். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் நிறத்தைப் பார்த்தான். பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், எங்கே மாறுகிறது என்று தெரியவில்லை. எத்தனையோ முடிச்சை அவிழ்த்த துப்பறிவாளனுக்கு ஊசியில் முதல் முடிச்சை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. வலது கையில் சுற்றிப் பார்த்தான், இடது கையில் சுற்றிப் பார்த்தான். நழுவி நழுவி வந்தது.

காது இரண்டும் மரத்துப்போனபின் எழுந்து போய்ச் சிவப்புக் கதவைத் தட்டினான்.

"உலியானா," என்றான். "முதல் முடிச்சு எப்படிப் போடறதுன்னு சொல்லித் தா."